நாளுக்கு நாலு வரி

கமக்காரருக்கும் எழுத்துக்கும் வெகுதூரம் என்று படித்தவர்கள் நினைப்பதுண்டு. அது சரியல்ல. விதைத்த நாள், மாடு கன்று போட்ட நாள், உழவு இயந்திரத்துக்குக் கொடுத்த காசு, கடைசி மழை பெய்த நாள் எல்லாவற்றையும் சுவர்க் கலண்டரில் பென்சிலால் குறித்து வைத்தவர்கள் நீங்கள். இடம்பெயர்ந்தபோது கலண்டர் சுவரோடு போயிற்று. நாட்களுக்கு இருந்த அடையாளமும் அதனோடு போயிற்று.

வயலில் நிற்பவனுக்கு ஒரு நாளைப்போல் மற்ற நாள் இருப்பதில்லை. உழவு, விதைப்பு, களை பிடுங்கல், காவல், அரிவு வெட்டு, சூடடிப்பு என்று காலம் தானாக முறை மாறி வரும். நலன்புரி நிலையங்களில் வாழ்ந்த காலத்தில் நிவாரணம் கொடுத்த நாள் மாத்திரமே ஒரு நாளாக இருந்தது. வலிகாமம் வடக்கிலிருந்து 1990 இல் எழும்பிய குடும்பங்களில் இன்னும் சொந்தக் காணியில் கால் வைக்காதவை உண்டு. பிறர் வளவில் இருந்துகொண்டு கூலிவேலைக்குப் போகிறவர்களுக்குச் செவ்வாயும் ஒன்று, வெள்ளியும் ஒன்று.

இந்த வெறுமைக்குள்தான் யோசினை வந்து குடியேறுகிறது. நித்திரையின்மை, தலையிடி, நெஞ்சுப் படபடப்பு என்று ஆஸ்பத்திரிக்குப் போய் மருந்தெடுத்தும் மாறாமல், கடைசியில் "ஒரே யோசினை, டொக்டர்" என்று சொல்பவர்கள் எத்தனை பேர்! யோசினை செக்குமாடு போன்றது. எவ்வளவு நடந்தாலும் நின்ற இடத்தை விட்டுப் போகாது. எழுதும்போது அப்படிச் சுற்ற முடியாது. ஒரு வசனத்தை முடித்துத்தான் அடுத்ததைத் தொடங்க வேண்டும். ஆகவேதான் நாளுக்கு நாலு வரி எழுதும் பழக்கத்தை எமது குடும்பங்களுக்குச் சிபாரிசு செய்கின்றேன்.

அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் பென்னிபேக்கர் 1986 இல் வெளியிட்ட ஆய்வொன்றில், மாணவர்கள் தம்மை வருத்திய சம்பவங்களை நான்கு நாட்கள், நாளுக்கு 15 நிமிடம் எழுதினார்கள். நடந்ததையும் அதனால் மனம் பட்ட பாட்டையும் சேர்த்து எழுதியவர்கள் எழுதிய அன்று கூடுதலாகக் கவலைப்பட்டார்கள். ஆனால் பின்வந்த மாதங்களில் வைத்தியரிடம் குறைவாகவே போனார்கள். பிற்கால ஆய்வுகள் பயன் சிறிதென்றும் எல்லோருக்கும் ஒரேயளவல்ல என்றும் காட்டின. சிறு பயனை ஏன் விடுவான்? ஒரு கொப்பியும் பேனையும் தானே செலவு.

"எழுதினால் காணி வருமா?" என்று கேட்பீர்கள். வராது. அதற்கு மனுவும் உறுதியும் அலைச்சலும் வேண்டும். கொப்பி அதற்கு ஈடாகாது. "நல்லதை மட்டும் நினையுங்கள், நல்லதை மட்டும் எழுதுங்கள்" என்று கருத்தரங்குகளில் சொல்லப்படும் புத்திமதியிலும் எனக்கு உடன்பாடில்லை. கோபம் இருந்தால் கோபத்தை எழுதுங்கள்.

எழுதப் பயப்படுபவர்களும் உண்டு. அந்தப் பயம் மூடத்தனமல்ல. யுத்த காலத்தில் ஒரு துண்டுக் கடதாசியே ஆபத்தாயிருந்தது. ஆகவே பிறர் பெயரைப் போடாதீர்கள். வேண்டுமானால் எழுதியதைக் கிழித்து அடுப்பில் போடுங்கள். எழுதுவதால் வரும் ஆறுதல் எரித்தாலும் போகாது. இன்னொன்று: ஒற்றை அறையில் ஐந்து பேர் வாழும் இடத்தில் ஒருவர் கொப்பியை மற்றவர் திறக்கக் கூடாது. விசேடமாகத் தகப்பன்மாருக்கு இதைச் சொல்கின்றேன். மகளின் கொப்பி மகளுடையது.

தொடங்குவது லேசு. 40 பக்கக் கொப்பியில் திகதியைப் போடுங்கள். முதல் வரி வானம்: மழையா, வெயிலா, காற்று எந்தப் பக்கம்? இரண்டாவது, இன்று செய்த வேலை. மூன்றாவது, நித்திரையும் உடம்பும். நாலாவது, மனதில் கிடப்பது. தமிழில் இப்பழக்கம் புதிதன்று. புதுச்சேரியில் ஆனந்தரங்கப்பிள்ளை 1736 முதல் 1761 வரை நாட்குறிப்பு எழுதினார். 1748 இல் ஆங்கிலேயர் நகரை முற்றுகையிட்ட நாட்களும் அதில் இருக்கின்றன. அவர் பெரிய வியாபாரி, நாங்கள் அப்படியல்ல; ஆனாலும் திகதி எல்லோருக்கும் ஒன்றுதான்.

எழுத்தறியாத அம்மம்மாவுக்குப் பேரப்பிள்ளை எழுதலாம். ஆனால் செல் விழுந்த கதையைப் பிள்ளையின் தலையில் ஏற்ற வேண்டாம். வயல் துண்டுகளின் பெயர், கிணற்றின் ஆழம், எல்லையில் நின்ற பனைகள், மொட்டைக்கறுப்பன் விதைத்ததா, பச்சைப்பெருமாளா என்பவற்றைக் கேட்டு எழுதட்டும். அம்மம்மா சொல்லிக்கொண்டே போவார். பிள்ளைக்குக் கைதான் நோகும்.

ஆகக் கொடிய நாளை முதலில் எழுதத் தொடங்காதீர்கள். 2009 இல் இழந்தவர்களுக்கு இது மிக முக்கியம். எழுதும்போது உடம்பு நடுங்கினால், அந்த நாள் கண்முன் வந்து நின்றால், கொப்பியை மூடிவிட்டு எழும்பி நடவுங்கள். உயிரோடு இருந்து என்ன என்ற எண்ணம் வந்தால் கொப்பி போதாது. ஆஸ்பத்திரியின் மனநலப் பிரிவுக்குப் போக வேண்டும், அல்லது 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்துக்கு அழைக்க வேண்டும்.

இராச் சாப்பாட்டுக்கு முன் எழுதுவது நல்லது. படுக்கப் போகும்போது எழுதினால் சிலருக்கு நித்திரை குழம்பும். நாலு நாள் தவறினால் அவற்றை இட்டு நிரப்ப வேண்டாம். அன்றைய திகதியைப் போட்டு, மழை பெய்ததா என்று எழுதுங்கள்.