பேர் இருக்கு, ஆள் இல்லை

தைப்பூசத்துக்கு ஒன்பது நாள் இருக்கையில் எங்கள் ஆலய அலுவலகக் கணினி ரசீது போட மாட்டேன் என்றது. பால்குடத்துக்குப் பேர் கொடுக்க வந்த குடும்பம் மேசைக்கு எதிரே நிற்கிறது. ஆலயச் செயலாளர் நான், ரசீது மென்பொருளின் படத்தை அழுத்துகிறேன். அது திறப்பதற்குப் பதிலாக, 'சற்றுப் பொறுங்கள், சரிசெய்துகொண்டிருக்கிறேன்' என்கிற பாவனையில் சின்னப் பெட்டி ஒன்று வந்தது. பச்சைக் கோடு பாதி தூரம் ஓடி நின்றது. அப்புறம் டி டிரைவில் இருக்கும் சிடியைக் கொடு என்று கேட்டது. அந்தக் கணினியில் சிடி போட வாயே கிடையாது.

பொருளாளர் அண்ணன் ஒன்றும் பேசாமல் மேசை டிராயரிலிருந்து பழைய ரசீதுப் புத்தகத்தை எடுத்து, கார்பன் தாளைச் சொருகி, முத்து முத்தாக எழுதிக் கொடுத்து அனுப்பினார். குளுவாங் பக்கத்துத் தோட்டமொன்றில் முப்பது வருஷம் கிராணியாக, அதாவது எழுத்தராக, இருந்தவர். "என் கைக்கு வைரஸ் வராது வாத்தியாரே" என்றார். அவர் சொன்னது அவ்வளவுதான். ஆனால் அது இன்னும் என் காதில் இருக்கிறது.

அன்று இரவே நான், இந்த நிலையில் எல்லாரும் செய்வதைச் செய்தேன். எடுத்துவிட்டு மறுபடி போடுவது. மென்பொருளை எழுதிக் கொடுத்தவருக்கு வாட்ஸ்அப்பில் செய்தி அனுப்பினேன். நல்ல மனிதர், பத்து நிமிஷத்தில் புதிய பதிப்பின் இணைப்பை அனுப்பிவிட்டார். இறக்கினேன், அழுத்தினேன். 'ஏற்கெனவே வேறொரு நிறுவல் நடந்துகொண்டிருக்கிறது, அது முடியட்டும்' என்றது. என்ன நிறுவல், எங்கே நடக்கிறது? கணினியை அணைத்தேன். ஒரு காப்பி குடித்துவிட்டு வந்து போட்டேன். அதே பதில். மறுபடி அணைத்தேன், போட்டேன். அதே பதில்.

மறுநாள் கணினிக் கடையில் வேலை செய்யும் தம்பியைக் கூப்பிட்டேன். என்னிடம் ஆறாம் ஆண்டு படித்தவன். "ஞாயித்துக்கிழமைதான் சார் கடை லீவு, அன்னிக்கு வர்றேன்" என்றான். இங்கே வெளியூர் வாசகர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். ஜொகூரில் வார விடுமுறை 2014-இல் வெள்ளி, சனி ஆனது. 2025 தொடக்கத்தில் மறுபடி சனி, ஞாயிறு ஆனது. அரசாங்கமே எடுத்துவிட்டு மறுபடி போட்டதுதான். அரசாணை ஒரே நாளில் அமலுக்கு வந்துவிட்டது. என் உடம்பில் இன்னும் வரவில்லை. வெள்ளிக்கிழமை காலையில் இப்போதும் எனக்கு ஒரு லீவு நாள் சோம்பல் தட்டும்.

ஞாயிறு காலை தம்பி வந்தான். நான் அணைத்து அணைத்துப் போட்ட கதையைக் கேட்டுச் சிரித்தான். "சார், ஷட் டவுன் பண்ணா அது முழுசா தூங்காது. ரீஸ்டார்ட்தான் கொடுக்கணும்." எனக்கு நம்பிக்கை வரவில்லை. அணைப்பதை விடவா மறுதொடக்கம் பெரிது? ஆனால் உண்மை அதுதான். விண்டோஸ் 8 வந்த நாளிலிருந்து, சீக்கிரம் எழுந்துகொள்வதற்காகக் கணினி ஒரு தந்திரம் செய்கிறது. 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' என்று பேர். ஷட் டவுன் கொடுத்தால் நம் வேலைகளை மட்டும் மூடிவிட்டு, தன் உள்வேலைகளை அப்படியே வட்டில் எழுதி வைத்துக்கொண்டு படுக்கிறது. மறுநாள் விட்ட இடத்திலிருந்து எழுந்திருக்கிறது. உள்ளே எதுவாவது சிக்கிக் கிடந்தால் அதுவும் சேர்ந்தே எழுந்துவரும். ரீஸ்டார்ட் கொடுத்தால்தான் எல்லாவற்றையும் துடைத்துவிட்டுப் புதிதாகத் தொடங்கும். தம்பி ரீஸ்டார்ட் கொடுத்தான். அந்த 'வேறொரு நிறுவல்' போயே போய்விட்டது. அது 1618-ஆம் எண் பிழையாம். அவனுக்கு எண்கள் மனப்பாடம். என்னிடம் படித்தபோது ஏழாம் வாய்ப்பாட்டுக்கு முட்டி போட்டவன்.

தடை நீங்கியது என்று புதிய பதிப்பை ஓட்டினோம். இப்போது வேறு பாட்டு. 'இதன் இன்னொரு பதிப்பு ஏற்கெனவே இருக்கிறது, ஆகவே தொடர முடியாது.' எண் 1638. சரி, பழையதை எடுத்துவிடுவோம் என்று கண்ட்ரோல் பேனலுக்குப் போய் அன்இன்ஸ்டால் கொடுத்தான். அங்கேயும் அதே சிடியைக் கேட்டது. ஓட்டினால் சிடி, எடுத்தால் சிடி, புதிதைப் போட்டால் பழையது இருக்கிறது. புதிய பதிப்பின் கோப்பையே சிடி என்று காட்டி ஏமாற்றலாமா என்றேன். காட்டினான். 'இது அந்த மென்பொருளின் சரியான கோப்பு அல்ல' என்று திருப்பி அனுப்பியது. ஒவ்வொரு கோப்புக்கும் 32 இலக்கத்தில் ஒரு அடையாள எண் உள்ளே பொதிந்திருக்கிறதாம். பேர் ஒன்றாக இருந்தாலும் எண் மாறினால் ஆள் வேறு.

பொருளாளர் அண்ணன் இதையெல்லாம் பார்த்துக்கொண்டே இருந்தார். கடைசியில் சொன்னார்: "பேர் செக்ரோல்ல இருக்கு, ஆள் லயத்துல இல்ல. அதானே கதை?"

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். லயம் என்பது தோட்டத்தில் வேலையாட்களின் வரிசை வீடுகள். செக்ரோல் என்பது அவர்களின் பெயர்ப் பதிவேடு. காலையில் பெரட்டுக்களத்தில் கிராணி பேர் கூப்பிட்டுக் குறித்துக்கொள்வது அதில்தான். ஓர் ஆள் இராத்திரியோடு இராத்திரியாக, சொல்லாமல் கொள்ளாமல் வேறு தோட்டத்துக்குப் போய்விட்டால் பேர் மட்டும் அதில் நிற்கும். பேரை அடிக்க வேண்டுமென்றால் கணக்குத் தீர்க்க வேண்டும். கணக்குத் தீர்க்க ஆள் வேண்டும். "அந்த ஆளைத் தேடிக் கூட்டியாந்து, கணக்கு முடிச்சு, கைநாட்டு வாங்கிக்கிட்டுத்தான் அனுப்பணும். வேற வழி கிடையாது" என்றார் அண்ணன்.

தம்பி திகைத்துப்போய் அவரைப் பார்த்தான். "அங்கிள், இதத்தான் நான் இப்ப சொல்ல வந்தேன்."

விண்டோஸில் மென்பொருளை நிறுவும் வேலைக்கென்று தனி ஆள் இருக்கிறான். விண்டோஸ் இன்ஸ்டாலர் என்று பேர். 1999-இல் ஆஃபீஸ் 2000-உடன் வந்தவன். அதற்கு முன் ஒவ்வொரு மென்பொருளும் தன்னிஷ்டத்துக்குக் கோப்புகளைக் கொட்டிவிட்டுப் போகும். எடுக்கும்போது எதைக் கொட்டினோம் என்பது பல சமயம் அதற்கே தெரியாது. இவன் வந்தபின் எல்லாம் கணக்கு. எம்எஸ்ஐ என்று முடியும் கோப்பு இருக்கிறதே, அது ஒரு தரவுத்தளம். அட்டவணை அட்டவணையாக எழுதிய கணக்குப் புத்தகம். எந்தக் கோப்பு எங்கே போகும், எந்தப் பதிவு எங்கே எழுதப்படும், எடுக்கும்போது எதை எந்த வரிசையில் எடுக்க வேண்டும், எல்லாம் அதில் இருக்கும். நிறுவல் நடுவழியில் தோற்றால் செய்ததையெல்லாம் ஒன்றொன்றாகத் திருப்பி எடுத்துவிடுவான். பச்சைக் கோடு பின்னோக்கி ஓடுவதை நீங்களும் பார்த்திருக்கலாம். மென்பொருளின் முக்கியமான கோப்பு ஒன்று காணாமல் போனால், நாம் திறக்கும் நேரத்தில் அவனே கவனித்துப் பழுதுபார்க்க வருவான். எங்கள் மேசையில் வந்த சின்னப் பெட்டி அதுதான். வைரஸ் தடுப்பான் ஒரு கோப்பின் மேல் சந்தேகப்பட்டு அதைத் தூக்கி அடைத்து வைத்திருந்தது. இவன் பழுதுபார்க்கக் கணக்குப் புத்தகத்தைத் தேடியிருக்கிறான். காணோம்.

ஆனால் அந்தப் புத்தகத்தின் ஒரு படியை விண்டோஸே ஒரு மறைவான ஃபோல்டரில் பத்திரமாக வைத்திருக்கும். தம்பி அங்கே போய்ப் பார்த்தான். ஃபோல்டர் பெருக்கித் துடைத்தது போல் இருந்தது. மெல்லத் திரும்பி, "சார், எதையாச்சும் டிலீட் பண்ணீங்களா?" என்றான்.

நாற்பது வருஷமாக நான் பிள்ளைகளிடம் கேட்ட தொனி அது. ஒப்புக்கொண்டேன். தீபாவளி சமயத்தில் வட்டு நிறைந்துவிட்டது என்று சிவப்பாகக் காட்டியது. எது இடத்தை அடைக்கிறது என்று தேடினேன். விண்டோஸ் ஃபோல்டருக்குள் இன்ஸ்டாலர் என்று ஒரு ஃபோல்டர், உள்ளே எழுத்தும் எண்ணும் கலந்த, பொருளே இல்லாத பெயர்களில் நூற்றுக்கணக்கான கோப்புகள். எல்லாம் நிறுவி முடித்த பிறகு மிஞ்சிய குப்பை என்று நினைத்தேன். வீடு கட்டி முடித்தபின் சாரக்கட்டு எதற்கு? அத்தனையையும் அழித்தேன். கணினி அன்றைக்கு ஒரு வார்த்தை மறுப்புச் சொல்லவில்லை. மறுநாளும் நன்றாகத்தான் ஓடியது. சாரக்கட்டு என்று நான் நினைத்தது வீட்டுப் பத்திரம் என்பது விற்கப் போகும்போதுதான் தெரிகிறது.

பேரை மட்டும் செக்ரோலிலிருந்து பிய்த்து எறிய ஒரு கருவி முன்பு இருந்ததாம். மைக்ரோசாஃப்ட்டே கொடுத்தது, 'இன்ஸ்டாலர் கிளீன் அப்' என்று. மற்ற மென்பொருள்களின் பாகங்களையும் அது சேர்த்துச் சேதப்படுத்தியதால் 2010-இல் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். இப்போது அந்த இடத்தில் வேறொரு பழுதுநீக்கி இருக்கிறது. "அது கடைசி ஆயுதம் சார். முதல்ல சிடிய தேடுங்க" என்றான் தம்பி.

இரும்புப் பீரோவைத் திறந்தோம். எத்தனையோ வருஷத்து நாள்காட்டிகள், மின்கட்டண ரசீதுகள், திருவிழாப் படங்கள், யாரோ நேர்ந்துகொண்டு வாங்கிக் கொடுத்த பித்தளை மணி. தம்பி சிடி போடும் வெளிப்பெட்டி ஒன்றை இரவல் வாங்கப் போனான். அந்த நேரத்தில் நானும் அண்ணனும் ரயில் நிலையத்துக் காப்பிக் கடைக்குப் போனோம். 1938-இலிருந்து அங்கே இருக்கிற கடை. பொதுவாக ஞாயிற்றுக்கிழமைகளில் சிங்கப்பூர் வண்டிகளின் கூட்டம் தாங்காது, நாங்கள் பசியாறப் போவது வார நாட்களில்தான். அன்றைக்கு எப்படியோ ஓரத்தில் ஒரு மேசை கிடைத்தது. ரொட்டி வருவதற்குள் அண்ணனுக்குச் சட்டென்று ஞாபகம் வந்துவிட்டது. "வாத்தியாரே, கும்பாபிஷேக ஆல்பம்!"

அங்கேதான் இருந்தது. ஆல்பத்தின் கடைசி உறையில், புகைப்படக்காரர் கொடுத்த சிடிக்குப் பின்னால் இன்னொன்று, மார்க்கர் பேனாவில் 'ரசீது' என்று. என் கையெழுத்து.

அதற்குப் பிறகு நடந்ததைச் சொல்ல அதிகமில்லை. தம்பி முதலில் அந்தச் சந்தேகக் கைதியை விடுவித்தான். பிறகு சிடியைப் போட்டான். நான் எடுக்கத்தான் போகிறான் என்று நினைத்தேன். அவன் கறுப்புப் பெட்டியில் ஒரு வரி தட்டி, இருப்பதைப் பழுதுபார்த்து, கணக்குப் புத்தகத்தையும் மறுபடி உள்ளே படியெடுத்து வைக்கச் சொன்னான். போக வேண்டியவனை முதலில் வீட்டுக்கு அழைத்து வந்து உட்கார வைத்தாயிற்று. பச்சைக் கோடு கடைசிவரை ஓடியது. 'ரசீது' திறந்தது. கொடையாளர் பெயர்கள் எல்லாம் அப்படியே இருந்தன. ஒருவேளை எடுத்திருந்தாலும் அவை போயிருக்காது என்றான். நிறுவியவன் தன் கணக்கில் உள்ளதை மட்டும்தான் எடுப்பான், நாம் பிறகு எழுதிச் சேர்த்த தனிக் கோப்பைத் தொட மாட்டானாம்.

இனி எடுத்துவிட்டுப் புதிய பதிப்பைப் போட வேண்டியதுதானே? தம்பி தன் மடிக்கணினியில் அதை முதலில் ஓட்டிப் பார்த்தான். எங்கள் கொடையாளர் பட்டியலை அதில் ஏற்றினால் முருகையா, காளியம்மா என்ற பெயர்களெல்லாம் தலையில் புள்ளியும் கொம்பும் முளைத்த ஐரோப்பிய எழுத்துகளாக வந்து நின்றன. பழைய மென்பொருள் யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருவில் எழுதியது. அந்தக் காலத்தில் தமிழ் எழுத்துக்கென்று கணினியில் சொந்த வீடு இல்லை. ஆங்கிலத்துக்கும் பிரெஞ்சுக்கும் ஒதுக்கிய அறைகளில் வாடகைக்கு இருந்தது. எழுத்துரு மாறினால் வாடகைதாரர் மாறிவிடுவார். டிஸ்கி, அது, இது என்று ஒவ்வொரு குறியீட்டுக்கும் ஒரு கட்சி. 1999-இல் சென்னையில் மாநாடு கூட்டித்தான் டாப், டாம் என்று ஓர் ஒழுங்குக்குக் கொண்டுவரப் பார்த்தார்கள். அடுத்ததாக வந்த விண்டோஸ் 2000-இல் 'லதா' எழுத்துருவோடு யூனிகோடு தமிழ் உள்ளேயே வந்தது. கணினித் தமிழில் நம் நாடு பிந்தி வந்ததல்ல. முத்து நெடுமாறன் முரசு மென்பொருளைத் தொடங்கியது 1985-இல். ஆனாலும் தோட்டப்புறத்துப் பெயர்கள் எத்தனை ஆலயக் கணினிகளில் இன்னும் வாடகை அறையில் கிடக்கின்றனவோ.

பெயர்களை மாற்றித் தரலாம், ஆனால் ஒரு வாரம் பிடிக்கும் என்றான் தம்பி. அண்ணன் கையை உயர்த்திவிட்டார். "பூசம் முடியட்டும்."

தம்பி கிளம்பும்போது சிடியை மூன்று இடத்தில் படியெடுத்து வைத்தான். கூலி வாங்க மறுத்தான். அம்மா பேரில் ஓர் அர்ச்சனைச் சீட்டு போதும் என்றான். பேர், நட்சத்திரம் கேட்டு நானே தட்டினேன். முந்தைய எண்ணுக்கு அடுத்த எண்ணோடு சீட்டு வந்து விழுந்தது.

மாலையில் அண்ணன் ஆலயப் பொருள் பட்டியலைத் திறந்து ஏதோ எழுதிக்கொண்டிருந்தார். அவர் போனபின் எட்டிப் பார்த்தேன். குத்துவிளக்கு 4, பன்னீர்ச் செம்பு 2, பித்தளை மணி 1. அதற்குக் கீழே புதிய மையில், கிராணிக் கையெழுத்தில்: 'ரசீது சிடி 1. செயலாளர் கையில் கொடுக்கக் கூடாது.'