புழுவுக்கும் ஒரு பங்கு

பட்டாடையும் பருத்தியாடையும் நம் வீடுகளில் ஒரே பெட்டகத்தில் மடித்து வைக்கப்படுகின்றன. ஆயினும், பட்டுக்குப் பகையாக இருந்த ஓர் உயிர் பருத்திக்குத் துணையாக வந்த வரலாற்றை நம்மிற் பலர் அறியார்.

யப்பானிலே பட்டுப்புழுக்களைத் திடீரெனச் சோர்ந்து மடியச் செய்யும் நோயொன்று இருந்தது. ஒருவகைப் பற்றீரியாவே அதற்குக் காரணம் என்பதை 1901ஆம் ஆண்டில் இஷிவாத்தா என்னும் அறிஞர் கண்டறிந்தார். 1911இல் ஜேர்மனியரான பேர்லினர் அதே இனத்தை மாவில் வாழும் அந்துப்பூச்சியின் புழுவிலே கண்டார். பின்னர், துரிங்கியா என்னும் மாநிலத்தின் பெயரால் அதற்குப் 'பசிலஸ் துரிங்கியென்சிஸ்' எனப் பெயரிட்டார்.

இப்பற்றீரியா பளிங்கு போன்ற புரதமொன்றை உண்டாக்குகின்றது. புழுவின் குடல் காரத்தன்மை உடையது. அங்கே பளிங்கு கரைந்து, நஞ்சாக மாறி, குடற்சுவரிலுள்ள கலங்களிற் பற்றிக்கொண்டு துளையிடுகின்றது. புழு இரையெடுப்பதை நிறுத்திச் சில நாட்களில் இறக்கின்றது. மனிதரின் இரைப்பையோ அமிலத்தன்மை உடையது. அந்நஞ்சு பற்றிக்கொள்ளும் இடங்களும் நம் குடலில் இல்லை.

இப்புரதத்தை ஆக்கும் பரம்பரையலகைப் பருத்திச் செடியினுள்ளே புகுத்தினர் விஞ்ஞானிகள். அச்செடி 1996இல் அமெரிக்காவிலும் 2002இல் இந்தியாவிலும் பயிருக்கு வந்தது. முன்னர்க் காயைத் துளைத்து உள்ளே புகுந்த புழுவை மருந்து தெளித்து அழித்தல் அரிதாக இருந்தது. இப்பொழுது, துளைக்க வாய் வைத்த புழுவே மடிந்தது. ஆனால், சாற்றை உறிஞ்சும் அழுக்கணவனையும் வெண்ணீயையும் இந்நஞ்சு தீண்டுவதில்லை.

புழுவின் கதை இத்துடன் முடிந்ததா? இல்லை. ஆயிரமாயிரம் புழுக்களில் நஞ்சைத் தாங்கும் இயல்புடையன மிகச் சில பிறந்துவிடுகின்றன. எஞ்சியவை அவை மட்டுமேயாயின், அவை தம்முட் கூடித் தம்மைப்போன்ற சந்ததியையே பெருக்கும். இதனைத் தடுக்க எளியதோர் உபாயம் வகுக்கப்பட்டது. வயலோரத்திற் சிறிது சாதாரணப் பருத்தியையும் விதைக்க வேண்டும். அங்கே நஞ்சுக்கு இளகிய புழுக்கள் பிழைத்து அந்துகளாகும். தாங்கும் இயல்புடைய அந்து இவற்றுடன் கூடும். பெற்றோர் இருவரிடமிருந்தும் அவ்வியல்பு வந்தாலன்றிக் குஞ்சுப்புழு பெரும்பாலும் பிழையாது. இவ்வாறு விடப்படும் பயிருக்குப் 'புகலிடப் பயிர்' என்று பெயர்.

ஒரே புழு இரு நாடுகளிற் கண்ட முடிவைப் பாருங்கள். இளஞ்சிவப்புக் காய்ப்புழுவை எதிர்த்த அமெரிக்காவின் அரிசோனா விவசாயிகள், புகலிடப் பயிரைப் பல்லாண்டு ஒழுங்காக விதைத்தனர். 2006 முதல் மலடாக்கப்பட்ட அந்துகளையும் விமானத்திலிருந்து பறக்கவிட்டனர். 2018இல், தன் பருத்தி வயல்களிலிருந்து அப்புழு ஒழிந்ததென அமெரிக்க அரசு அறிவித்தது.

இந்தியாவிலோ, விதைப்பையுடன் 120 கிராம் சாதாரண விதை வேறாகக் கொடுக்கப்பட்டும் விவசாயிகள் பலர் அதனை விதைக்கவில்லை. சிறு நிலமுடையவர் புழுவுக்கென ஒரு துண்டை விடத் தயங்கியதில் வியப்பில்லை. ஆனால் 2010இல், குஜராத்தில் அப்புழு நஞ்சைத் தாங்கப் பழகிவிட்டதென்ற செய்தி வெளியாயிற்று. 2006இல் வந்த இரு நஞ்சுடைய செடியின் காய்களிலும், 2015 அளவில் உயிருள்ள புழுக்கள் காணப்பட்டன. மருந்துத் தெளிப்பான் மீண்டும் தோளேறிற்று.

மாணவர்களே, புகலிடப் பயிரால் வரும் நட்டம் ஒருவருடைய வயலில் இவ்வாண்டே தெரிகின்றது. நன்மையோ ஊரார் அனைவருக்கும் பல ஆண்டுகளின் பின்னரே வருகின்றது. ஆகவே அதனைத் தனியொருவரின் பொறுப்பாக விட்டுவிடாமல், ஊர் கூடிச் செய்தலே தக்கது. பகைவனுக்கும் ஒரு பங்கு விட்டு வைப்பது சில வேளைகளில் இரக்கத்தால் மட்டுமன்று, அறிவாலும் செய்யத்தக்கதே.