கையளவுக் களம்

பூதங்கள் பொருத கதையைக் கேளாத சிறுவர் இலர். மலையைப் பெயர்த்தெறியும் அப்பூதங்களைக் கைக்கடிகாரம் போன்ற சிறு கருவியுள் அடைத்துப் போரிடச் செய்தல் எளிதோ? ஜப்பானியர் அதனைச் செய்து காட்டினர்.

1996-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில் பண்டாய் என்னும் ஜப்பானிய நிறுவனம் 'தமகோச்சி' என்ற விளையாட்டுக் கருவியை வெளியிட்டது. முட்டையைக் குறிக்கும் ஜப்பானியச் சொல்லும், கைக்கடிகாரத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லும் கூடிப் பிறந்த பெயர் அது. அதன் திரையில் ஒரு சிற்றுயிர் தோன்றும். வேளையறிந்து உணவிட்டுத் தூய்மை பேணினால் வளரும், மறந்தால் மடியும். 1997-ஆம் ஆண்டு ஜூன் திங்களில் அந்நிறுவனமே 'டிஜிட்டல் மான்ஸ்டர்' என்னும் மற்றொரு கருவியை வெளியிட்டது. அதில் வளர்வது பூதம், வளர்வதும் போருக்காகவே.

அக்கருவியின் திரை எத்துணைச் சிறிது! குறுக்கே 32 புள்ளிகள், நெடுக்கே 16, ஆக 512 புள்ளிகளே. புள்ளி கருமையாகத் தோன்றும், அன்றேல் மறையும், வண்ணம் இல்லை. இத்திரையில் பூதம் வரைவோர், எதனைச் சேர்ப்பது என்று எண்ணுமுன் எதனை விடுவது என்று எண்ணுதல் வேண்டும். கொம்பும் வாலும் சினந்த கண்ணும் அமைந்தால் போதும். எஞ்சியவற்றைச் சிறுவரின் மனமே வரைந்துகொள்ளும். மின்கலமும் மிகச் சிறிது. ஆதலின், இத்தகைய கருவிகளுக்கு நிரல் எழுதுவோர் அவற்றைப் பெரும்பொழுது துயிலவிட்டு, வேண்டும்போது மட்டும் எழுப்புவர்.

இரு கருவிகளின் உச்சியிலுள்ள உலோக முனைகள் தம்முள் தொட்டால்தான் பூதங்கள் பொரும். முனைவழிச் செல்வன சில எண்களே. போரும் சில நொடிகளில் முடியும். ஆயினும் அந்நொடிகளுக்காக எதிரே ஒரு தோழன் வந்து நிற்றல் வேண்டும். அக்கருவியின் அமைப்பில் மிகவும் போற்றத்தக்கது இதுவே.

போர் என்ற சொல்லைக் கேட்டே அஞ்சுவோர் சிலர் உளர். சதுரங்கமும் போர்தானே! குறை போரில் இல்லை. பூதத்தின் பசியில் உள்ளது. தமகோச்சியின் சிற்றுயிர் பாடவேளை என்று பாராது ஒலியெழுப்பி அழைத்தது. பள்ளிகள் பலவும் அதனைத் தடுத்தன. தடுத்தது முறையே. விளையாடுவோனைக் கருவி ஏவலாளாக்கிவிட்டால் அது விளையாட்டு ஆகாது.

2009-இல் நிண்டெண்டோ நிறுவனம் வெளியிட்ட 'போக்கேவாக்கர்' வேறு வழியில் சென்றது. இடைவாரில் செருகிக்கொண்டு நடந்தால் அது காலடிகளை எண்ணும். 20 காலடிக்கு ஒரு 'வாட்' என்று அளிக்கும். அவ்வாட்டுகளைச் செலவிட்டுக் காட்டுப் பூதங்களைத் தேடிப் பொருது பிடிக்கலாம். அதனுள் உறையும் பூதம் பசியென்று அழுவதில்லை. நடப்பவன் பார்க்கும்வரை காத்திருக்கும். 2021-இல் பண்டாய் வெளியிட்ட மணிக்கட்டுக் கருவியோ, காலடியுடன் நெஞ்சின் துடிப்பையும் அளந்து பூதத்தை வளர்த்தது.

இக்காலத்துக் கைக்கடிகாரங்களில் வண்ணத்திரை உண்டு. மணிக்கட்டை அதிர்வித்து அழைக்கும் பொறியும் உண்டு. கம்பியின்றித் தொலைவிலுள்ளாரோடு பொருதலும் இயலும். எனினும் இவற்றுக்குப் பூத விளையாட்டு இயற்ற முனைவோர், அதிர்வுப் பொறியை நாடாது விடுதல் நன்று. பள்ளிவேளையில் பூதம் துயிலட்டும். மாலையில் நடந்த காலடிகளே அதற்கு உணவாகட்டும். போர் மட்டும், பழைய உலோக முனைகள் வேண்டியது போலவே, இரு மணிக்கட்டுகள் அருகருகே வந்த பின்னரே தொடங்கட்டும்.