விளையாட்டும் ஒரு வேலைதான்

"பொண்ணு இப்ப எங்க வேலை பாக்குறா?" என்று ஊருக்குப் போனால் கேட்கிறார்கள். "கேம் கம்பெனியில்" என்று சொன்னால் போதும், கேட்டவர் முகம் மாறிவிடும். "ரம்மியா?" என்பார் மெதுவாக. அவரைக் குற்றம் சொல்ல மாட்டேன். பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டத்தால் தமிழ்நாட்டில் பல குடும்பங்கள் நாசமாயின. தமிழக அரசு 2022-ல் இதற்கென்றே ஒரு சட்டம் இயற்றியது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றமும் பணம் வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டங்களைத் தடை செய்துவிட்டது. ஆனால் என் மகள் செய்வது அதுவல்ல. கதையும் படமும் புதிரும் கொண்ட வீடியோ கேம்களை உருவாக்கும் வேலை. இந்த வித்தியாசம் தெரியாமல் நானே ஒரு வருடம் அவளோடு சண்டை போட்டேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

ஹெப்பகோடியில் இருக்கும் நம்மவர்களில் பெரும்பாலோர் ஆலை வேலையை நம்பி வந்தவர்கள். நான் 1986-ல் வேலூர்ப் பக்கத்திலிருந்து வந்து பொம்மசந்திராவில் டிராஃப்ட்ஸ்மேனாகச் சேர்ந்தேன். என் மகள் இன்ஜினியரிங் முடித்து, பதினொரு ஆண்டுகள் மருத்துவமனைக் கருவிகளின் திரையை வடிவமைத்தாள். நல்ல சம்பளம், சொந்த வீடு, அதற்குக் கடன், நாலு வயதில் ஒரு பையன். இந்த நிலையில் வந்து "அப்பா, நான் கேம் துறைக்குப் போகப் போறேன்" என்றால் எப்படி இருக்கும்? "அரசனை நம்பிப் புருஷனைக் கைவிட்ட கதையா ஆயிடும்டி" என்றாள் என் மனைவி. மாப்பிள்ளை மட்டும் ஒன்றும் சொல்லவில்லை.

அவள் கேட்டது டெக்னிக்கல் டிசைனர் வேலை. "சாவியை எடுத்தால்தான் கதவு திறக்க வேண்டும்" என்று டிசைனர் விதி எழுதுவார். புரோகிராமர் அடிப்படை மென்பொருளை எழுதுவார். அந்த விதியை மென்பொருளில் ஓடவைத்து, ஆடிப் பார்த்து, கடினமா சுலபமா என்று சரிசெய்பவர் டெக்னிக்கல் டிசைனர். எங்கள் ஆலை பாஷையில் சொன்னால், டிராயிங்குக்கும் மெஷினுக்கும் நடுவே நிற்கும் டூல் ரூம் ஃபோர்மேன்.

இந்தத் தொழில் பெங்களூருக்குப் புதிதல்ல. 1997-லேயே இங்கே துருவா இன்டராக்டிவ் என்ற கம்பெனி தொடங்கி, வெளிநாட்டுக் கேம்களுக்கு வேலை செய்தது. 2019-ல் அதை அமெரிக்காவின் ராக்ஸ்டார் வாங்கியது. கர்நாடக அரசு 2012-லேயே அனிமேஷனுக்கும் கேமுக்கும் தனிக் கொள்கை வகுத்தது. இத்தனை இருந்தும் அனுபவசாலிக்குக் கதவு எளிதில் திறக்கவில்லை. மகள் விண்ணப்பித்த ஓரிடத்தில், "வெளிவந்த கேம் எதிலாவது உங்கள் பெயர் இருக்கிறதா?" என்று கேட்டார்கள். இல்லை என்றதும், கல்லூரி முடித்து வரும் பிள்ளைகளுக்குத் தரும் சம்பளத்தைச் சொன்னார்கள். பதினொரு ஆண்டு அனுபவத்துக்கு விலை பூஜ்யம்! அன்றிரவு அவள் சாப்பிடாமல் படுத்ததைப் பார்த்தபோதுதான் எனக்கு என் பழைய நாள் ஞாபகம் வந்தது.

1994-ல் எங்கள் ஆலைக்கு ஆட்டோகேட் வந்தது. அதுவரை ட்ரேசிங் பேப்பரில் ரோட்ரிங் பேனாவால் வரைந்து, தப்பைப் பிளேடால் சுரண்டித் திருத்தியவன் நான். இருபத்திரண்டு வயதுப் பையன் ஒருவன் கம்ப்யூட்டரில் என்னைவிடப் பத்து மடங்கு வேகம். ஆனால் எந்த அளவில் ஒரு நூல் பிசகினால் பேரிங் உட்காராது என்பது எனக்குத்தான் தெரியும். மாலை வகுப்புக்குப் போய் ஆறு மாதத்தில் கற்றுக்கொண்டேன். கருவிதான் புதிது, கண் பழையதுதான். இது என் மகளுக்கு மட்டும் எப்படிப் பொருந்தாமல் போகும்?

அவள் வேலையை விடவில்லை. இரவில் உட்கார்ந்து எட்டு மாதத்தில் ஒரு சின்ன கேம் செய்தாள். அடுக்குமாடிக் குடியிருப்புக்கு வரும் ஒரு டேங்கர் தண்ணீரை எல்லா வீட்டுக்கும் பங்கிட வேண்டும். பத்து நிமிட ஆட்டம். நம் பகுதிக் கதைதான்! பக்கத்து வீட்டுப் பிள்ளைகளை ஆடவிட்டு, அவர்கள் கை எங்கே தயங்குகிறது என்று குறித்துக்கொண்டாள். மருத்துவமனையில் நர்ஸுகள் கருவியைத் தொடும்போது அவள் கவனித்ததும் இதையேதான். அந்தக் குறிப்புகளையும் கேமோடு சேர்த்துக் காட்டியபின் ஒரு சிறிய கம்பெனி எடுத்துக்கொண்டது. சம்பளம் மூன்றில் ஒரு பங்கு குறைவு. ஒரு வருடத்துக்கு வீட்டுக்கடன் தவணையில் பாதியை நான் கட்டுகிறேன்.

இது ஆபத்தில்லாத பாதை என்று சொல்ல மாட்டேன். 2023, 2024 ஆண்டுகளில் உலகெங்கும் கேம் கம்பெனிகள் ஆயிரக்கணக்கானவர்களை வீட்டுக்கு அனுப்பின. நாளை என் மகளுக்கும் அது நேரலாம். ஆனால் கற்றது போகாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கனடாவின் டொரான்டோவில் ஒரு சிறு குழு 2023-ல் 'வெண்பா' என்ற கேமை வெளியிட்டது. புலம்பெயர்ந்த தமிழ்த் தாய், சிதைந்துபோன தன் அம்மாவின் சமையல் குறிப்பைப் பார்த்து இட்லி சுடுகிறாள். தமிழிலிருந்து விலகிப்போகும் மகனைப் பார்த்துத் தவிக்கிறாள். அது 2024-ல் பிரிட்டனின் பாஃப்டா விருது பெற்றது. வெளியூரில் பிள்ளை வளர்க்கும் நம் வீட்டுக் கதை அது. நாம் எழுதாவிட்டால் யார் எழுதுவார்கள்?

ஆகவே பெற்றோர்களே, முப்பத்தைந்து வயதில் பிள்ளை தடம் மாறக் கேட்டால் உடனே மறுக்காதீர்கள். எவ்வளவு காலம், எவ்வளவு பணம், அதற்குள் என்ன செய்து காட்டுவாய் என்று மூன்று கேள்விகள் கேளுங்கள். நாலு பேர் என்ன சொல்வார்கள் என்ற நாலாவது கேள்வி மட்டும் வேண்டாம். அந்த நாலு பேருக்கு நான் பதில் சொல்லிக்கொள்கிறேன்.