கொம்பின் சுருதியும் எங்கள் மௌனமும்

ஆண்டுதோறும் ஆகஸ்ட் மாதத்தின் இரண்டாம் வாரத்தில், அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ் நகரிலுள்ள லூகாஸ் ஆயில் அரங்கின் வாசலில் ஒரு விசித்திரமான கூட்டத்தைக் காணலாம். தலை நரைத்து, இடுப்பு பெருத்து, பழைய ஜாக்கெட்டின் பொத்தானைப் போட முடியாமல் திறந்தே விட்டிருக்கும் மனிதர்கள். ஒருவரையொருவர் பெயர் கேட்பதற்கு முன்பாக 'எந்த வருஷம்?' என்றுதான் கேட்டுக்கொள்வார்கள். அந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவர்கள் நாங்கள். டிரம் கோரில் ஊதியும் அடித்தும் நடந்தும் வளர்ந்து, வயது வரம்பு கடந்ததால் வெளியேற்றப்பட்டு, எஞ்சிய ஆயுளை ரசிகர்களாகக் கழிப்பவர்கள். எங்கள் மீதே எங்களுக்குள்ள கோபத்தைச் சொல்வதற்காகத்தான் இதை எழுத நேர்ந்தது.

வாசகர்களில் பலர் இந்தக் கலையைக் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். பேண்டு வாத்தியம் என்றதும் மனதில் எழும் ஊர்வலக் காட்சிக்கு டிரம் கோர் தூரத்து உறவு, அவ்வளவே. முதல் உலகப்போர் முடிந்து திரும்பிய படைவீரர்களின் சங்கங்கள், குறிப்பாக அமெரிக்கன் லீஜனும் வெளிநாட்டுப் போர்வீரர் சங்கமும், முரசும் பியூகிளும் கொண்ட அணிகளை ஊருக்கு ஊர் வளர்த்தன. பின்னர் கத்தோலிக்கப் பங்குகளும் சாரணர் குழுக்களும் தெருச் சிறுவர்களைத் திரட்டித் தங்களுக்கென்று அணிகள் அமைத்தன. புல்லாங்குழலுக்கோ சாக்ஸபோனுக்கோ இங்கே இடமில்லை. பித்தளைக் கொம்புகள், தாள வாத்தியங்கள், கொடிகளும் மரத் துப்பாக்கிகளும் சுழற்றும் கொடியணி. இவற்றைக் கொண்டு கால்பந்து மைதானத்தில் பத்துப் பன்னிரண்டு நிமிடங்களுக்கு நிகழ்த்தப்படும் இசையும் நடையும் சேர்ந்த ஒரு வடிவம் இது. படைவீரர் சங்கங்களின் விதிகளுக்கு இனியும் கட்டுப்பட முடியாது என்று சில இயக்குநர்கள் பிரிந்து வந்து, 1971 இல் டிரம் கோர்ஸ் இண்டர்நேஷனல் என்ற அமைப்பை உருவாக்கினார்கள். 1972 இல் விஸ்கான்சின் மாநிலத்தின் வைட்வாட்டரில் நடந்த அதன் முதல் சாம்பியன் போட்டியில் அனாஹைம் கிங்ஸ்மென் வென்றது. அந்தக் கோர் இன்று இல்லை. அன்று இருந்தவற்றில் மிகப் பெரும்பாலானவை இன்று இல்லை என்பதை இங்கேயே சொல்லி வைக்கிறோம், பின்னால் வேண்டியிருக்கும்.

கோரில் கழியும் கோடையை அனுபவிக்காதவர்களுக்கு விளக்குவது கடினம். பகல் முழுக்க வெயிலில் ஒத்திகை, இரவில் நிகழ்ச்சி, நள்ளிரவில் பேருந்து, விடியலில் முன்பின் தெரியாத ஏதோ ஓர் ஊரின் பள்ளி உடற்பயிற்சிக்கூடத்தின் மரத்தரையில் மூன்று மணிநேர உறக்கம், மறுபடி ஒத்திகை. சமையல் ஒரு லாரிக்குள் நடக்கும். சமைப்பவர்கள் யாரோ ஒரு பையனின் தாயும் யாரோ ஒரு பெண்ணின் மாமாவும். ஜூன் நடுவில் தொடங்கி ஆகஸ்ட் நடுவில் முடியும் இந்த வாழ்க்கையில், ஒரே எட்டு அடிகளை ஒரு காலைப்பொழுது முழுதும் திரும்பத் திரும்ப நடந்திருக்கிறோம். மறுநாள் அந்த எட்டு அடிகளையே மாற்றிவிட்டார்கள். அப்போதும் நடந்தோம். நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் ஒரே கணத்தில் மூச்சை உள்ளிழுக்கும் ஓசை ஒன்று உண்டு. முதல் சுரத்துக்கு முந்திய ஓசை. எங்களில் பலர் அதற்குப் பிறகு கல்வி, வேலை, திருமணம், பிள்ளைகள் என எல்லாவற்றையும் அடைந்தோம். அந்த ஓசைக்கு ஈடாக எதையும் அடையவில்லை. இருபத்திரண்டு வயதுக்கு மேல் அங்கே யாருக்கும் இடமில்லை. அந்த வயதில் ஒருவனை அவனுடைய வாழ்வின் உச்சத்திலிருந்து இறக்கிவிட்டு, 'இனி இருக்கையில் உட்கார்ந்து பார்' என்று சொல்லும் கலை இது. எங்கள் ரசனையின் நோய்க்கூறு அங்கேதான் ஆரம்பமாகிறது.

எப்படியென்றால், எங்களுக்கு எதுவும் மாறக்கூடாது. 1984 இல் பழைய மதிப்பெண் முறையைக் கைவிட்டபோது, அதாவது ஒவ்வொரு பிழைக்கும் பத்தில் ஒரு பங்கைக் கழிக்கும் முறையை விட்டபோது, கலை செத்தது என்றோம். 1990 இல் மூன்று வால்வு கொண்ட கொம்புகள் வந்தபோது மீண்டும் செத்தது. 2000 இல் ஜி சுருதிப் பியூகிள் கட்டாயமில்லை, எந்தச் சுருதியிலும் பித்தளை வாத்தியம் இருக்கலாம் என்றானபோது கறுப்புப் பட்டை அணியாததுதான் குறை. 2004 இல் ஒலிவாங்கி, 2009 இல் மின்னணு வாத்தியங்கள், 2014 இல் டிராம்போன். ஒவ்வொன்றுக்கும் ஒப்பாரி வைத்தோம். ஒரு பிணத்தை இத்தனை முறை அடக்கம் செய்த உறவினர்கள் உலகில் வேறெங்கும் இருக்க மாட்டார்கள்.

எங்கள் தீர்ப்புகளின் தரத்துக்கு ஒரு சான்று போதும். 1993 இல் மிசிசிப்பியின் ஜாக்சன் நகரில் நடந்த இறுதிப் போட்டியில் ஸ்டார் ஆஃப் இண்டியானா, பார்ட்டோக்கையும் சாமுவேல் பார்பரையும் எடுத்துக்கொண்டு இறுக்கமான, அலங்காரங்களைத் துறந்த ஒரு நிகழ்ச்சியை வழங்கியது. அந்தக் கோடையில் ரசிகர் வரிசைகளிலிருந்து அதற்குக் கூச்சல் எழுந்தது. மருத்துவக் கருவித் தொழிலதிபர் பில் குக்கின் பணத்தில் 1984 இல் பிறந்த பணக்காரக் கோர் என்ற வன்மம் ஒரு பக்கம், கைதட்ட இடம் தராத இசை என்ற எரிச்சல் மறுபக்கம். பத்தில் ஒரு புள்ளி வித்தியாசத்தில் அது கேடட்ஸிடம் தோற்றது. அத்துடன் போட்டியை விட்டே வெளியேறியது. அதன் வழியில் உருவான 'பிளாஸ்ட்!' என்ற மேடை நிகழ்ச்சி 2001 இல் டோனி விருது பெற்றது. அன்று கூச்சலிட்டவர்களைத் தேடினால் இன்று ஒருவரும் அகப்படுவதில்லை. அந்த நிகழ்ச்சியைத் தலைசிறந்தவற்றுள் ஒன்றெனப் போற்றும் கூட்டத்தில் அவர்கள் கலந்துவிட்டார்கள். நாங்களும்தான்.

இதெல்லாம் ரசனைப் பிழை; மன்னிக்கத்தக்கது. சிற்றிதழ்ச் சண்டைகளைப் பார்த்தவர்களுக்கு இது புதிதாகவும் இராது. எங்களால் மன்னிக்க முடியாதது வேறு. சுருதியைப் பற்றியும் ஒலிவாங்கியைப் பற்றியும் பல ஆண்டுகளாக நாங்கள் போட்ட கூச்சலில் இரண்டு கேள்விகள் கேட்காமலே போயின. யாரால் உள்ளே வர முடியவில்லை? உள்ளே வந்தவர்களுக்கு என்ன நேர்ந்தது?

முதலாவதை எடுத்துக்கொள்வோம். ஆலைத் தொழிலாளியின் பிள்ளை நடந்தே போய்ச் சேர்ந்துவிடக்கூடிய தூரத்தில் ஒரு காலத்தில் கோர்கள் இருந்தன. நியூஜெர்சியின் கார்ஃபீல்டில் 1934 இல் ஹோலி நேம் பங்கு தொடங்கியது அப்படித்தான். பாஸ்டன் குரூசேடர்ஸ் 1940 இல் தொடங்கியதும் அப்படித்தான். நாடெங்கும் நூற்றுக்கணக்கில் இருந்த கோர்கள் இன்று உச்சப் பிரிவில் ஏறக்குறைய இருபதாகச் சுருங்கிவிட்டன. இவற்றில் ஒரு கோடையைக் கழிக்க ஓர் இளைஞன் ஐந்தாயிரம் டாலருக்கும் மேல் கட்டணம் செலுத்த வேண்டியிருக்கிறது. மாதாந்திர முகாம்களுக்கான விமானச் செலவு தனி. அந்தக் கோடையில் வேலைக்குப் போய் ஈட்டியிருக்கக்கூடிய ஊதியத்தை இழப்பதும் தனி. தெருவுக்குரியதாக இருந்த ஒரு கலை, தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் விலை கொடுத்து வாங்கும் கோடை அனுபவமாக மாறியது. மாறியபோது நாங்கள் பியூகிளின் சுருதியைப் பற்றி விவாதித்துக்கொண்டிருந்தோம்.

எங்கள் கோரின் பெயரை இங்கே சொல்லப்போவதில்லை. அங்கே மெலஃபோன் ஊதிய ஒருவன் இருந்தான். எங்கள் எல்லோரைவிடவும் நன்றாக ஊதுவான். மே மாத முகாமில், ஞாயிறு மதிய உணவுக்குப் பிறகு, அவனை அலுவலக அறைக்கு அழைத்தார்கள். திரும்பி வந்து வாத்தியத்தைத் துடைத்து, பெட்டியில் வைத்துப் பூட்டி, பெட்டியை வரிசையில் வைத்தான். கட்டணத்தின் இரண்டாம் தவணை வந்து சேரவில்லை. அவனுடைய இடத்தை நிரப்ப அடுத்த ஒத்திகைக்குள் வேறொருவன் வந்துவிட்டான். மைதானத்தில் ஓர் இடம் காலியாக இருந்தால் தொலைவிலிருந்தும் தெரியும். ஆகவே காலியாக விடமாட்டார்கள். நாங்கள் யாரும் எதுவும் கேட்கவில்லை. அந்த ஆண்டின் நினைவுப் புகைப்படத்தில் அவன் இல்லை. பழைய மாணவர் கூட்டங்களுக்கு அழைக்கப்படுகிறவர்களின் பட்டியலிலும் அவன் இல்லை, ஏனென்றால் அவன் 'முடிக்கவில்லை'.

நண்பர்கள் சிலர் இதற்குப் பதில் வைத்திருக்கிறார்கள். டீசலுக்கும் காப்பீட்டுக்கும் பணம் எங்கிருந்து வரும் என்கிறார்கள். நியாயமான கேள்வி. சான்டா கிளாரா வான்கார்ட் போன்ற பெரிய கோர் ஒன்றே நிதி நெருக்கடியால் 2023 ஆம் ஆண்டுப் பருவத்தில் பங்கேற்க முடியாமல் போனது. பிங்கோ விளையாட்டு நடத்திக் காசு சேர்த்தே பல ஆண்டுகள் பிழைத்த அமைப்பு அது. 2024 இல் மீண்டு வந்தது. பெருந்தொற்றால் 2020 இல் பருவமே ரத்தாகி, 2021 இல் போட்டியின்றிக் காட்சி நிகழ்ச்சிகள் மட்டும் நடந்த காலத்தின் அடியிலிருந்து பலர் இன்னும் நிமிரவில்லை. எல்லாம் உண்மை. ஆனால் இறுதிப் போட்டி வாரத்தில் விமானம், விடுதி, நல்ல வரிசை இருக்கை, நினைவு ஜாக்கெட் என்று எங்களில் ஒவ்வொருவரும் செலவழிக்கும் தொகையைக் கூட்டிப் பார்த்துவிட்டு இந்தக் கேள்வியைக் கேட்டால் நன்றாக இருக்கும். கடந்தகாலத்தை வாங்க எங்களிடம் பணம் இருக்கிறது.

இரண்டாவது கேள்வி இதைவிடக் கசப்பானது. ஹோலி நேம் பங்கில் தொடங்கிய அந்தக் கோர்தான் பிற்காலத்தில் தி கேடட்ஸ் என்று அறியப்பட்டது. டிசிஐயில் பத்துப் பட்டங்கள் பெற்றது. 1980களில் மைதான நடையின் இலக்கணத்தையே அது மாற்றி எழுதியது என்று சொன்னால் மிகையல்ல. 2018 இல், அதன் நீண்டகால இயக்குநர் மீது பல பெண்கள் கூறிய பாலியல் அத்துமீறல் குற்றச்சாட்டுகள் பிலடெல்ஃபியா செய்தித்தாளொன்றில் வெளியாயின. அவர் பதவி விலகினார். 2024 ஜனவரியில், பல பத்தாண்டுகளுக்கு முந்தைய அத்துமீறல் குறித்த இன்னொரு வழக்கின் சுமையையும் சேர்த்துத் தாங்க இயலாமல், கோர் தன் செயல்பாடுகளை நிறுத்திக்கொள்வதாக அறிவித்தது. தொண்ணூறு ஆண்டு நிறைவை எட்டிய அதே ஆண்டில்.

அந்தச் செய்திக்கு எங்களிடையே எழுந்த எதிர்வினையை நினைத்தால் இன்றும் கூச்சமாக இருக்கிறது. 'இனி அந்த மெரூன் சீருடையைப் பார்க்க முடியாதே' என்று அழுதார்கள். நாங்களும் அழுதோம். வழக்குத் தொடுப்பவர்களுக்கு இத்தனை ஆண்டுகள் கழித்து என்ன அவசரம் என்று கேட்ட குரல்களும் இருந்தன. கோர் சாவது அவர்களுக்குத் துயரமாகப்பட்டது, அதற்கு முன் அங்கே அழிந்தது எதுவும் துயரமாகப்படவில்லை. பத்தொன்பது வயதுப் பெண்ணொருத்தி புகார் சொல்ல நினைத்திருந்தால், அவள் முன்னால் நின்றிருக்கும் சுவர் ஒரு தனி மனிதனாலானது அல்ல. பட்டங்களையும் பதக்கங்களையும் எங்கள் பரவசத்தையும் கொண்டு கட்டிய சுவர் அது. நாங்கள் ஒவ்வொருவரும் கைதட்டித் தட்டி ஒரு செங்கல்லாவது வைத்திருக்கிறோம். தண்ணீர் கேட்டவனைப் பலவீனன் என்றதும், கால் வீங்கியவள் மறைத்துக்கொண்டு நடந்ததும், கத்தியவர் மேதை என்பதால் கத்தல் பாடமானதும் எங்களுக்குப் பெருமைக் கதைகளாகவே இருந்துவந்தன. 'அதனால்தான் நாங்கள் ஆளானோம்' என்று அந்தக் கதைகளை முடிப்போம். ஆளாகாமல் போனவர்கள் மேசைக்கு வருவதில்லையே, மறுத்துச் சொல்ல.

இதனால் கோர்கள் யாவும் மூடப்பட வேண்டுமா என்று கேட்டால், இல்லை. 2025 இல் பாஸ்டன் குரூசேடர்ஸ் தன் முதல் டிசிஐ பட்டத்தை வென்றபோது நாங்களும் எழுந்து நின்று தொண்டை கட்டும்வரை கத்தினோம். எண்பத்தைந்து வருடக் காத்திருப்பு. எங்களுக்குப் பின்வரிசையில், அந்தக் கோரில் எப்போதோ நடந்த முதியவர் ஒருவர் நாற்காலியில் அமர்ந்தபடியே இரண்டு கைகளாலும் தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தார். மைதானத்திலோ ஒலிபெருக்கி, சிந்தசைசர் எல்லாம் இருந்தன. அவர் அவற்றைக் கவனித்ததாகவே தெரியவில்லை. நாங்களும் அன்று கவனிக்கவில்லை.

இந்த ஆண்டு எங்களில் ஏழு பேர் இறுதிப் போட்டிக்குப் போவதில்லை என்று முடிவு செய்தோம். மிச்சமாகும் பணத்தில் ஒருவரின் முழுக் கட்டணத்தைச் செலுத்த முன்வந்து, நாங்கள் நடந்த கோருக்கே கடிதம் எழுதினோம். பணத்துடன் மூன்று கேள்விகளும் அனுப்பினோம். கட்டணம் செலுத்த முடியாமல் கடந்த ஐந்தாண்டுகளில் எத்தனை பேர் பாதியில் அனுப்பப்பட்டார்கள்? உறுப்பினர் ஒருவர் பயிற்சியாளர் மீது புகார் சொல்ல விரும்பினால், கோரின் ஊதியம் பெறாத யாரிடம் போய்ச் சொல்வது? அந்தப் புகார்களின் கதி என்னவாயிற்று என்பதை ஆண்டறிக்கையில் வெளியிடுவீர்களா? பத்து நாட்களில் பதில் வந்தது. அன்பான பதில். பணத்தை ஏற்றுக்கொண்டிருந்தார்கள். வாத்திய லாரியின் பக்கவாட்டில் எங்கள் ஏழு பேரின் பெயர்களையும் நாங்கள் நடந்த ஆண்டுகளையும் எழுதலாமா என்று கேட்டிருந்தார்கள். கேள்விகளைப் பற்றி ஒரு வரியும் இல்லை. மீண்டும் எழுதியிருக்கிறோம். லாரியில் பெயர் எழுத இடமிருந்தால், அந்த மெலஃபோன் பையனின் பெயரை எழுதச் சொல்லியிருக்கிறோம்.