மெர்ஸியாவைத் தெரிந்தெடுங்கள்

சரித்திரத்தை விளையாட்டாகக் கற்றலாகாது என்பர் மூத்தோர் சிலர். கணிப்பொறியின் முன்னமர்ந்து இராஜ்யபாரம் செய்யும் நம் வாலிபரைக் கண்டு அவர்கள் முகஞ்சுளிப்பதும் உண்டு. யான் அக்கட்சியைச் சேர்ந்தவனல்லேன். சுவீடன் தேசத்துப் பாரடாக்ஸ் கம்பெனியார் 2020-ஆம் ஆண்டில் வெளியிட்ட 'குருஸேடர் கிங்ஸ் 3' என்னும் விளையாட்டில், கி.பி. 867-ஆம் ஆண்டின் ஆங்கிலோ-சாக்ஸன் அரசனொருவனாக அமர்ந்து பார்த்தவர், பாடப்புத்தகம் ஊட்டாத ஓர் அச்சத்தை உணர்ந்தேயிருப்பர். ஆதலின் விளையாடலாமா என்பதன்று என் வினா. எந்த இராஜ்யத்தைத் தெரிந்தெடுப்பது என்பதே.

பெரும்பாலோர் வெஸெக்ஸையே நாடுகின்றனர். காரணம் வெளிப்படை. ஆல்பிரெட் அவ்வம்சத்தவன், அவன் பேரன் அதெல்ஸ்தான் 927-ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் அனைவர்க்கும் அரசனானான். முடிவை முன்னறிந்து வெல்லுங் கட்சியில் அமர்வதில் என்ன தீரம் இருக்கின்றது? 878-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் டேனியருக்குத் தப்பி அதெல்னிச் சதுப்புநிலத்தில் ஒதுங்கியிருந்த ஆல்பிரெடுக்கு அம்முடிவு தெரியாது.

மெர்ஸியாவைத் தெரிந்தெடுங்கள் என்பேன். இது தீவின் நடுநாடு. எட்டாம் நூற்றாண்டில் ஆபா அரசன் காலத்தில் ஏனைய சாக்ஸன் நாடுகளுக்கு மேம்பட்டு நின்றது. 867-இலோ அதன் நிலை இரங்கத்தக்கது. வடக்கே யார்க் நகரம் முந்திய ஆண்டிலேயே டேனியர் வசமாயிற்று. மேற்கே வேல்ஸ் நாட்டார் பழம்பகைவர். தெற்கேதான் சிறிது ஆறுதல், மெர்ஸிய அரசன் பர்க்ரெட் வெஸெக்ஸ் அரசன் எதெல்ரெட்டின் சகோதரியை மணந்தவனாதலின். விளையாட்டில் இம்மணவுறவே படைத்துணையாகின்றது. உண்மையிலும் அங்ஙனமே நிகழ்ந்தது. 868-இல் டேனியர் நாட்டிங்ஹாமைப் பிடித்தபோது பர்க்ரெட் அழைக்க, எதெல்ரெட்டும் தம்பி ஆல்பிரெடும் படையொடு வந்தனர். பெரும்போர் நிகழவில்லை, மெர்ஸியர் பகைவரோடு சமாதானஞ் செய்துகொண்டனர். புத்தகத்தில் இதை வாசிக்கும் மாணாக்கன் 'கோழைகள்!' என்று பக்கத்தைத் திருப்பிவிடுவான். பொக்கிஷம் வற்றுவதையும், படைஞர் தொகை குறைவதையும் தன் கண்முன் எண்களாகக் கண்டு, கையிலுள்ள பொன்னைக் கொடுத்து ஓராண்டை வாங்கியவனோ அவ்வாறு கூறான்.

பர்க்ரெட் வாங்கிய காலம் நீடிக்கவில்லை. டேனியர் 873-ஆம் ஆண்டுக் குளிர்காலத்தை ரெப்டனில் தங்கிக் கழித்து, அவனைத் துரத்தினர். 22 ஆண்டு அரசாண்டவன் ரோமாபுரி சென்று அங்கே மரித்தான். அவனுக்குப்பின் வந்த சியோல்வுல்பை ஆங்கிலோ-சாக்ஸன் நாளாகமம் மதியற்ற சேவகன் என்று இகழ்ந்து, டேனியர் கைப்பொம்மையாகக் காட்டுகின்றது. ஆயிரம் ஆண்டுக்கு மேலாக அதுவே தீர்ப்பாயிருந்தது. 2015-இல் ஆக்ஸ்போர்டு மாகாணத்து வாட்லிங்டன் அருகே பூமியினின்று ஒரு புதையல் வெளிப்பட்டது. அதிலுள்ள ஏறக்குறைய 200 வெள்ளி நாணயங்களுள் சில ஆல்பிரெட் பெயராலும், சில சியோல்வுல்ப் பெயராலும் அடிக்கப்பட்டவை. இருவர் நாணயங்களிலும் ஒரே முத்திரை; இரு சக்கரவர்த்திகள் அருகருகே வீற்றிருக்கும் உருவம்! ஆல்பிரெடோடு ஒத்த நாணயம் வெளியிட்டவன் வெறும் பொம்மையாயிருத்தல் எங்ஙனம்?

அந்நாளாகமம் தொகுக்கப்பட்டது 890-ஐ ஒட்டிய ஆண்டுகளில், ஆல்பிரெட் ஆட்சியில், வெஸெக்ஸ் நாட்டில். வேதாகமம் வாசிப்போர்க்கு இது புதிதன்று. யூதாவின் நாளாகமக்காரர் வடநாட்டு இஸ்ரவேலின் அரசரைப் பெரும்பாலும் பேசாது விடவில்லையா? மெர்ஸியாவில் அமர்ந்து விளையாடுபவன் அவ்வாறு விடுபட்டவரின் இடத்திலிருந்து நாட்டைப் பார்க்கின்றான். இதுவே அதன் பயன்.

நிற்க. விளையாட்டுக்கும் ஒரு பெருங்குறை உண்டு. அதை மறைத்தல் நேர்மையன்று. 867-க்குப்பின் பிறப்போர் யாவரும் அதிற் கணிப்பொறியின் குலுக்கலாற் பிறப்பவர். ஆகவே மெர்ஸியாவின் தலைசிறந்த பெண்மணியை அதில் ஒருவரும் காணார். ஆல்பிரெட் மகளும், மெர்ஸியத் தாய்வயிற்றுப் பிள்ளையுமான எதெல்பிளெட், கணவன் இறந்த 911 முதல் மெர்ஸியரின் தலைவியென ஆண்டாள். 913-இல் டாம்வொர்த்திலும் ஸ்டாபர்டிலும் அரண் எடுப்பித்தாள். 917-இல் டெர்பியைக் கைக்கொண்டாள். 918-இல் லெஸ்டர் போரின்றியே பணிந்தது. யார்க் நகரத்தாரும் அவளுக்குக் கீழ்ப்படிய வாக்களித்தனர். அவ்வாண்டு ஜூன் 12-இல் அவள் மரித்தாள். விளையாட்டில் 918-ஐ எட்டுபவன் முன்னே எவனோ ஒருவன் முகம் தோன்றும். அவள் முகம் தோன்றாது.

ஆதலின் விளையாடுபவன் ஏட்டையும் திறக்க வேண்டும். எந்த ஏடு என்பதிலும் கருத்து வேண்டும். வெஸெக்ஸின் தலைமைப் பிரதி எதெல்பிளெடின் செயல்களை விடுத்து மரணத்தை மட்டும் குறிக்கின்றது. அவள் எடுப்பித்த அரண்களையெல்லாம் ஆண்டுதோறும் பதிந்திருப்பது, வேறு பிரதிகளில் இடைச்செருகலாய்ப் பிழைத்திருக்கும் சிறிய மெர்ஸியக் குறிப்பேடே. அக்குறிப்பேடுதான் அவள் மகள் ஆல்ப்வினைப் பற்றியும் கூறுகின்றது: தாய்க்குப்பின் மெர்ஸியாவில் அவளுக்கிருந்த அதிகாரம் முழுவதும் பறிக்கப்பட்டு, நடுக்குளிர்காலத்துக்கு மூன்று வாரம் முன்னே அவள் வெஸெக்ஸுக்குக் கொண்டுபோகப்பட்டாள். அதன்பின் அவள் பெயர் நாளாகமத்தில் வரவில்லை.