குங்குமத்தையும் சோதிக்க வேண்டும்

2024-இல் கலப்படச் சந்தேகத்தால் திருமலை லட்டு நெய்யின் மாதிரிகள் குஜராத்தின் ஆனந்த் நகர ஆய்வகம் வரை போயின. நாடே அதைப் பற்றிப் பேசியது. பேச வேண்டிய விஷயம்தான். ஆனால் திருப்பதி, திருச்சானூர், காணிப்பாக்கம் கடைவீதிகளில் தட்டுத் தட்டாகக் குவித்து விற்கும் குங்குமத்தில் என்ன கலந்திருக்கிறது என்பதை யார் சோதிக்கிறார்கள்?

மஞ்சளோடு சுண்ணாம்பு சேர்ந்து சிவப்பதே குங்குமம். மலிவான தூள்களில் அந்தச் சிவப்பு செயற்கைச் சாயத்தால் வருகிறது. சிலவற்றில் காரீயமும் இருக்கிறது. அமெரிக்காவின் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தினர் நியூ ஜெர்சியிலும் இந்தியாவிலும் வாங்கிய, வகிட்டில் இடும் சிந்தூரத் தூளின் 118 மாதிரிகளை ஆராய்ந்து 2017-இல் முடிவை வெளியிட்டார்கள். ஏறத்தாழ ஐந்தில் நான்கில் காரீயம் இருந்தது.

இருக்கிறதா, இல்லையா என்பதோடு கேள்வி முடிவதில்லை. காலையில் குளித்ததும் நெற்றியில், வகிட்டில், தாலியில் குங்குமம். அதே விரலால் கைக்குழந்தைக்கும் ஒரு பொட்டு. குழந்தை நெற்றியைத் தேய்க்கும், கையை வாயில் வைத்துக்கொள்ளும். காரீயத் தூள் தோல் வழியே அதிகம் இறங்காது. வாய் வழியே இறங்கும். எத்தனை மில்லிகிராம், நாளைக்கு எத்தனை முறை, யார் உடம்புக்குள் என்று வீடு வீடாகக் கணக்கெடுத்தால்தான் ஆபத்தின் அளவு புரியும். பாதுகாப்பானது என்று சொல்லத்தக்க காரீய அளவு எதுவும் இல்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

குங்குமத்தோடு இது நிற்கவில்லை. கொசுவர்த்தி, ஊதுபத்தி, பினாயில் எல்லாம் இதே கணக்கில் வரும். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 100 வீட்டுப் பொருள்களைப் பரிசோதித்தபோது 1,602 வேதிப்பொருள்கள் உத்தேசமாக அடையாளம் காணப்பட்டன. அவற்றில் 1,404 அதுவரை நுகர்பொருள்களில் இருப்பதாக அறியப்பட்ட வேதிப்பொருள்களின் பட்டியலிலேயே இல்லாதவை.

2020 டிசம்பரில் ஆந்திராவின் ஏலூரில் நூற்றுக்கணக்கானோர் வலிப்பு வந்து விழுந்தார்கள். டெல்லி எய்ம்ஸ் சோதித்த ரத்தத்தில் காரீயமும் நிக்கலும் தென்பட்டன. பூச்சிக்கொல்லி மீதும் சந்தேகம் விழுந்தது. மக்கள் விழுந்த பிறகு தேடினால் இப்படித்தான் தடுமாற நேரும்.

ஸ்ரீ வேங்கடேஸ்வரா பல்கலைக்கழகம், ஐஐடி, ஐசர் அறிவியல் கல்வி நிறுவனம், ஸ்விம்ஸ் மருத்துவமனை எல்லாமே திருப்பதியிலும் அதன் சுற்றுப்புறத்திலும் இருக்கின்றன. மாநில அரசு பணம் ஒதுக்கி, சித்தூர், திருப்பதி மாவட்ட வீடுகளில் இந்தக் கணக்கெடுப்பை இவர்களிடம் ஒப்படைக்க வேண்டும். நிறத்துக்காகக் காரீயம் கலந்த அழகுப் பொருளை விற்பதைச் சட்டம் ஏற்கெனவே தடுக்கிறது. மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை அதை அமலாக்கட்டும். தட்டு வைத்துப் பிழைக்கும் பெண்ணிடம் அபராதம் வசூலிப்பது நடவடிக்கை ஆகாது. அவருக்குச் சாக்குச் சாக்காகத் தூள் அனுப்பும் மொத்த வியாபாரியிடமிருந்து தொடங்க வேண்டும். தயாரித்தவர் பெயரும் சேர்மானமும் அச்சிடாத எந்தச் சாக்கும் அவருடைய கிடங்கைத் தாண்டக் கூடாது.